கழிவு ரெண்டு

நான் படித்தது குழந்தை வளர்ச்சி உளவியல். இதைச் சொன்னால் ஊட்டி காந்தலில் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. 'பிள்ளைங்க எப்படி வளருதுன்னு படிக்கிறா' என்று அம்மா எளிமையாக்கிச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அம்மாவின் தம்பி, என் மாமா, "பிள்ளை நாலு மாசத்துல குப்புற விழும், ஒரு வருஷத்துல நடக்கும். இதுக்கு எதுக்குங்க அக்கா டாக்டர் பட்டம்?" என்று கேட்டார். ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் ஊற்றுகிறவருக்கும் காதில் விழும்படி கேட்டார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பாதி இலையிலேயே எழுந்துவிட்டேன்.

பட்டம் வாங்கிய பிறகு கேள்வி மாறியது. "எந்தக் காலேஜ்?" உளவியலில் ஆராய்ச்சி முடித்தவள் கல்லூரியில்தான் இருக்க வேண்டும் என்பது எல்லோருடைய கணக்கு. என் கணக்கும் அதுதான். கோவையில் இரண்டு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அந்த வேலைக்குக் கௌரவம் என்று பெயர் வைத்தவர் நல்ல தமாஷ்காரராக இருந்திருக்க வேண்டும். கோடை விடுமுறை வந்தால் வேலையும் விடுமுறையில் போய்விடும். நிரந்தர வேலைக்கு நேர்காணல் போய்ப் போய், காத்திருக்கும் அறைகளில் எந்த நாற்காலியில் ஆணி துருத்திக்கொண்டிருக்கும் என்பதுவரை எனக்கு அத்துப்படியாகியிருந்தது.

என்னோடு படித்தவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். ஒருத்தி பெங்களூரில் பொம்மைக் கம்பெனியில் இருந்தாள். எந்த வயதுப் பிள்ளை எதை வாயில் வைக்கும், எதைத் தூக்கி எறியும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இன்னொருத்தி, கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும் குழந்தைகளோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி அவர்கள் பயத்தைப் போக்குகிறாள். அவள் வேலையைக் கேட்டு எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையில்தான் கல்லூரி அல்லாத விளம்பரங்களையும் படிக்க ஆரம்பித்தேன்.

நெல்லியாளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், குழந்தைகள் காப்பகத்தைக் கவனிக்க ஆள் தேவை என்று இருந்தது. போனேன், கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மா எல்லோரிடமும் "எஸ்டேட்ல ஆபீசருங்க" என்றாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "ஆயா வேலைக்காடீ இத்தனை வருஷம் படிச்சே?" என்றாள். அவள் கேட்டதையேதான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் மேனேஜர் என்னை 'டாக்டர்' என்று அறிமுகம் செய்துவைத்தார். அதன் பலன் மறுநாளே தெரிந்தது. காப்பகத்து வாசலில் இருமலும் மூட்டுவலியுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஊசி போடும் டாக்டர் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதன் பிறகும் ஒரு பாட்டி, "அப்ப எதுக்குத்தான் டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காப்பகம் என்பது ஒரு நீளமான ஓட்டு வீடு. காலையில் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள், மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மேனேஜர் அதைக் 'கிரச்' என்பார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்மணி. அவருக்கு அது 'பிள்ளைக் காம்பரா'. நான் அவருக்கு 'டொக்டரம்மா'.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அந்தப் பிள்ளையை நான் சரியாகக் கவனித்தேன். நான்கு வயதுப் பெண். அப்பா அம்மா ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். இப்போது தோட்டங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான், பெரும்பாலும் பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் இங்கே வந்து கொஞ்ச காலம் கழித்து, ஊரில் விட்டுவந்த மகளைப் போன கோடையில் கூட்டி வந்திருக்கிறார்கள். சாப்பிடுவாள், தூங்குவாள், சொன்னதைச் செய்வாள். பேச மட்டும் மாட்டாள்.

"இது வாயத் தொறக்காதுங்க டொக்டரம்மா. தும்முனாக்கூடச் சத்தம் வராது" என்றார் ஆயா.

பிள்ளையின் அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் விசாரித்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் கொட்டித் தீர்த்துவிட்டார். ஊரில் இவள் வாய் ஓயாமல் பேசுவாளாம். இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனபோது பேசவில்லை. சில மாதம் கழித்துத் திரும்பக் கூட்டிப் போனபோதும் பேசவில்லை. பேச்சு வராத பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இந்த மலை குளிரு, பாப்பா தொண்டை கட்டிடுச்சு மேடம். என் தம்பி கிறிஸ்துமஸ்க்கு ஊர் போறான். பாப்பா அவன் கூட போவும். அங்கே பேசும். இங்கே நாங்க ரெண்டு பேர் வேலை பாக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனால் பிள்ளை பேசிவிடுவாள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் இல்லாமல் பேசுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவர்களை அவள் விருந்தாளியாகப் பார்க்க ஆரம்பிப்பாள். டிசம்பருக்கு அதிக நாள் இல்லை.

முதலில் கூடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிள்ளையின் அம்மா லீவு போட்டு வந்தாள். காதும் தொண்டையும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு என் பெட்டியிலிருந்த படச் சீட்டுகளை எடுத்தேன். குடை, ரயில், சிங்கம், ஆப்பிள். அவள் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் சீட்டுகளை அடுக்கி, முனை தட்டிச் சமமாக்கி, என் கையில் திருப்பிக் கொடுத்தாள். இந்த அளவுக்கு மரியாதையாக என்னை யாரும் தோற்கடித்ததில்லை.

கேள்வி கேட்டால் பதில் வராத பிள்ளையிடம் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். அதன் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். இது எனக்குப் பாடத்தில் சொல்லித் தந்ததுதான். ஆனால் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடியிருக்கிறேனே தவிர, சும்மா உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை. இங்கே அதுதான் வேலை. ஒரு மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பிள்ளைகளின் பிரதான விளையாட்டு எடை போடுவது. ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு தொங்கும். துணிப்பையில் இலை தழை அடைத்து, அதில் மாட்டி, எடை போடுகிற பிள்ளை ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எதிரே, அம்மாக்கள் பறித்த கொழுந்தை நிறுக்கும் நிஜமான எடைக்களத்தில் நடப்பது போலவேதான். அங்கே பையின் எடைக்கும், இலையில் இருக்கும் ஈரத்துக்கும் சேர்த்து சூப்பர்வைசர் இரண்டு கிலோ குறைப்பார். அதற்குக் கழிவு என்று பெயர். அந்தக் கழிவுக்காகத் தினமும் சண்டை நடக்கும். பிள்ளைகளும் அந்தச் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் போட்டார்கள்.

எப்போதும் எடை போடுகிற பையன் ஒரு நாள் காய்ச்சலென்று வரவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் பைகளோடு முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண் எழுந்து போய்க் கயிற்றுப் பக்கத்தில் நின்றாள். ஒரு குச்சியை எடுத்துப் பென்சில் போலக் காதில் செருகிக்கொண்டாள். முதல் பையை மாட்டினாள்.

"பன்னெண்டு. கழிவு ரெண்டு."

குரல் கரகரவென்று, எங்கள் சூப்பர்வைசருடைய குரல் போலவே இருந்தது. பை கொண்டுவந்த பிள்ளை அசரவில்லை.

"வெயில்ல பறிச்ச கொழுந்துக்கு எதுக்கு ரெண்டு?"

"தண்ணி இருக்கு. கழிவு ரெண்டு. அடுத்த ஆளு வா."

சோற்றுக் கரண்டியும் கையுமாக ஆயா கதவில் நின்றுகொண்டிருந்தார். "ஆத்தாடி, கணக்கப்பிள்ளை வந்திருச்சு" என்று மெதுவாகச் சொன்னார். விளையாட்டு முடிந்தது. அவள் குச்சியைக் கீழே வைத்தாள். சோறு வேணுமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு எடை போடும் வேலையை அவள் யாருக்கும் விட்டுத்தரவில்லை. நானும் தினமும் அவள் வார்த்தைகளைக் கவனித்தேன். நிரை மாறாதே. கையை வேகமாப் போடு. கரட்டு இலை எடுக்காதே. பேசாம பறி. நிரை என்றால் செடி வரிசை, கரட்டு இலை என்றால் முற்றிய இலை; எல்லாம் கொழுந்துக் காட்டில் வேலை வாங்குகிற வார்த்தைகள். பால், பூனை, அம்மா, பசி என்று ஒன்று கூட இல்லை. மற்ற பிள்ளைகள் நாளெல்லாம் அவளைச் சுற்றி அந்தச் சொற்களைத்தானே பேசுகிறார்கள்? நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொழுந்துக் காட்டுத் தமிழ் மட்டும் எப்படி வந்தது, இதை அவளிடம் யார் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மாலை, வேலை முடிந்த நேரத்தில் தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் இருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அம்மா மகளுக்குச் சோறு போட்டாள்.

"வா. ஒக்காரு. சீக்கிரம். கை வேகம்."

பிள்ளை சாப்பிட்டாள். "போதும். அடுத்த வேலை. போ" என்றாள் அம்மா. பிள்ளை தட்டைக் கழுவப் போனாள். அம்மா கணவனிடம் திரும்பி அவர்களுடைய ஊர்ப் பாஷையான சாத்ரியில், ரகசியம் சொல்வது போலத் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். அவரும் அதே குரலில் பதில் சொன்னார். மகள் திரும்பி வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏன் பாப்பாகிட்ட உங்க பாஷையில பேசறதில்லை?" என்று கேட்டேன்.

அப்பா பெருமையாகவே சொன்னார். "ஸ்கூல் பெரிய மேடம் சொன்னாங்க மேடம். ஊட்டுல தமிழ் மட்டும் பேசு, பாப்பாக்கு தமிழ் வரும், அப்புறம் ஸ்கூல் சேத்துக்கறேன். நாங்க ஜூன் மாசம் இருந்து நம்ம பாஷை பாப்பாகிட்ட பேசலே. ஒரு வார்த்தை பேசலே."

எனக்கு எழுந்து சத்தம் போட வேண்டும் போல இருந்தது, யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கொழுந்துக் காட்டில் அவளை ஏவிய தமிழ். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் மகளை வளர்த்திருக்கிறாள். கொஞ்சுவதற்கு அவளிடம் தமிழ் இல்லை. கதை சொல்ல இல்லை. தூங்கவைக்க இல்லை. ஊரில் நாளெல்லாம் பேச்சில் மிதந்த பிள்ளை, இங்கே வந்து சேர்ந்ததும் தன் சொந்த வீட்டிலேயே ஒரு தொழிலாளியாகிவிட்டாள். என் கண் கலங்கியதை டீ டம்ளரில் மறைத்துக்கொண்டேன்.

"உங்க பாஷையிலயே பேசுங்க. நிறையப் பேசுங்க. ஒரு பாஷை நல்லா இருந்தாத்தான் அது மேல இன்னொண்ணு ஏறும். தமிழை நாங்க கிரச்ல பாத்துக்கறோம்" என்றேன்.

அவர் மரியாதை குறையாமல் கேட்டார்: "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க. அவங்க ஸ்கூல் வெச்சிருக்காங்க மேடம். நீங்க என்ன வெச்சிருக்கீங்க?"

நான் வைத்திருந்தது ஒரு பிஎச்.டி. அதை அங்கே எடுத்து நீட்ட முடியாது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதோ திருப்பி அனுப்புவதோ தலைமையாசிரியை கையில் இருந்தது. அவர் சொன்னதை அவரேதான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை குன்னூர் பக்கத்துப் படுகர் பெண்மணி. வில்லி மாதிரி ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு போன எனக்கு, அவர் தட்டில் வர்க்கி வைத்து உபசரித்தது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்" என்றார் அவர். "ஊட்டுல ஒரு பாஷை, இங்க ஒரு பாஷைன்னா கொழந்தை கொழம்பிப் போயிருமுங்களே."

"உங்க ஊட்டுல என்னங்க பேசுவீங்க?"

"படுகு."

"ஸ்கூல்ல?"

"தமிழ். அப்புறம் இங்கிலீசு." வர்க்கியைப் பிட்டவர் வாயில் போடவில்லை.

"நீங்க கொழம்பலீங்களே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆனா அந்தக் கொழந்தை பேசவே இல்லீங்களே. நானும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன். பேரைக்கூடச் சொல்லலீங்க."

"பேரைக் கேட்டா சொல்ல மாட்டா. நீங்க ஒரு நாள் எடைக்கு வாங்க" என்றேன்.

அடுத்த நாளே வந்தார். பள்ளி முடிந்து, தூறலில் குடை பிடித்துக்கொண்டு, காப்பகத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். எடை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னபடி எதுவும் கேட்காமல், தன் கைப்பையோடு பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இடுப்பளவு உயரப் பிள்ளைகளுக்கு நடுவில் வாயைத் திறக்காமல் நின்றார். அவருடைய முறை வந்ததும் பையைக் கயிற்றில் மாட்டினார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்து மேடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குச்சி காதிலிருந்து நழுவியது. போச்சு என்று நினைத்தேன். பின்னால் நின்ற பிள்ளைகள் தள்ள ஆரம்பித்தார்கள். "போடு, போடு, நேரமாச்சு" என்றது ஒன்று. வேலை என்று வந்தபின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒம்பது" என்றாள். "கழிவு ரெண்டு."

"ஏனுங்க சூப்பர்வைசர்," என்றார் தலைமையாசிரியை, "என்ற பையில கொழுந்தே இல்லீங்க. அதுக்கு எதுக்குங்க கழிவு?"

இது எடைக்களத்தில் யாரும் கேட்காத கேள்வி. இதற்கு அவளுக்குப் பழகிய பதில் இல்லை. அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் அதன் ஓரத்தை நனைத்திருந்தது. விரலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு. மழை."

தலைமையாசிரியை குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த விரலை நன்றாகப் பார்த்தார். "சரிங்க, ரெண்டு கழிச்சுக்கோங்க" என்று பையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளிடம் இருக்கும் தமிழ் எங்கிருந்து வந்தது, வீட்டில் என்ன நடக்கிறது, ஏன் அவளை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அப்போது நான் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அய்யோ, அந்த அம்மா அவ்வளவு மாசமா கொழந்தைகிட்டப் பேசாமயா இருந்தாங்க?" என்று கேட்டார். பேசினாள், வேலைக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள் என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்தார். நானும் அப்போது மறைக்கவில்லை.

அவருக்குக் கடைசி பஸ் பற்றிய கவலை இருந்தது. இருந்தாலும் பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார். முதலில் அம்மா வந்தாள், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் மழைத்தண்ணீர் வழிய. ஃபேக்டரியிலிருந்து அப்பாவும் வந்தார். பள்ளிக்கூடத்து மேடத்தைப் பார்த்ததும் இருவரும் பயந்துபோய்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"நான் உங்ககிட்டச் சொன்னது தப்புங்க" என்றார் தலைமையாசிரியை. "ஊட்டுல உங்க பாஷையே பேசுங்க. இவங்க சொல்றதுதான் சரி. ஜூன்ல கொண்டாந்து சேத்துங்க, நான் பாத்துக்கறேன். ஊருக்கெல்லாம் அனுப்பாதீங்க."

அப்பா அதை மனைவிக்குச் சொன்னார். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. தம்பி தனியாகப் போவான் என்பதையும் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் அப்படியே ஈரத் தாளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்து எதிரே நிறுத்தினாள். பேச ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. மூச்சு விடாமல், அழுதுகொண்டே, நடுநடுவே மகளின் தலைமுடியை ஒதுக்கி, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு அந்தக் கன்னத்தையே முத்தமிட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பிள்ளை முதலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்பதையே மறந்திருப்பாள் போல. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தையும் தெரியாது. இருந்தாலும் அங்கிருந்து நகர மனமில்லை.

"என்னங்க சொல்றாங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"திட்டுது மேடம்" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஜூன் மாசம் இருந்து பாக்கி. எல்லாம் சேத்துத் திட்டுது."

அப்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள். சூப்பர்வைசரின் கரகரப்பு இல்லை. மெல்லிய, வேகமான, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரல். இரண்டே வாக்கியம். அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அப்பா சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாப்பா என்ன சொல்றா?"

"அம்மா ரொம்பப் பேசுது, காது வலிக்குதுன்னு சொல்லுது மேடம்."